பழைய டீசல் வண்டி செல்ஃப் எடுக்கலையா? பேட்டரி வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

என்னிடம் இருப்பது பதினெட்டு வயது டீசல் வண்டி, ஏழு பேர் உட்காரும் உயரமான பழைய ரகம். போன மார்கழியில் ஒரு நாள் காலையில் செல்ஃப் எடுக்காமல் படுத்துக்கொண்டது. பேட்டரி போச்சு என்றார்கள், புதிது போட்டேன். பத்து நாளில் அதே கதை. இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்கிற செல்ஃப் மோட்டாரை இறக்கிக் கார்பன் பிரஷ் மாற்றினோம், அதுவும் பத்து நாள்தான். கடைசியில் பார்த்தால், இன்ஜினையும் சேசிஸையும் (வண்டியின் இரும்புச் சட்டம்) இணைத்து, கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்ப வழி தருகிற எர்த் பட்டை பச்சை பூத்து நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. சில நூறு ரூபாய் சமாச்சாரம், நான் செலவழித்தது பல ஆயிரம்.

அதனால் முதலில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிவிடுங்கள், ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். வேலை ஆரம்பிக்கும் முன் வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் மேலே, கையில் மோதிரம், காப்பு எதுவும் இருக்கக் கூடாது. பேட்டரி கழற்றினால் மைனஸை முதலில் கழற்றணும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டணும்.

செல்ஃப் எடுக்காதபோது காதுதான் முதல் கருவி. சாவியைத் திருப்பினால் கடகடவென்று அடித்துக்கொண்டால் வோல்டேஜ் போதவில்லை. ஒரே ஒரு 'டக்' மட்டும் வந்து நின்றுவிட்டால் சோலனாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின்காந்த ஸ்விட்ச்) வேலை செய்கிறது, ஆனால் மோட்டார் சுற்றவில்லை. சத்தமே இல்லை என்றால் சோலனாய்டுக்குப் போகிற சின்ன ஒயர், ரிலே, சாவி ஸ்விட்ச் இந்த மூன்றில் ஒன்று. இப்போது மீட்டரை எடுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. சார்ஜ் நன்றாக இருந்தும் செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். விழாமல் 11, 12 என்றே நின்று மோட்டாரும் சுற்றவில்லை என்றால் கரண்ட் போய்ச் சேரவே இல்லை, பேட்டரியைத் திட்டாதீர்கள்.

எர்த்தைச் சோதிப்பது ரொம்பச் சுலபம். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் குமிழ் மேலேயே வையுங்கள், கிளாம்ப் மேல் இல்லை. சிவப்பு முனை பெயின்ட் இல்லாத இன்ஜின் பாகத்தில். ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. என் வண்டியில் மூன்று வோல்ட் காட்டியது! மீட்டர் இல்லையா, ஜம்பர் கேபிள் ஒன்றைப் பேட்டரி மைனஸிலிருந்து நேராக இன்ஜினுக்குப் போட்டுப் பாருங்கள், உடனே சுற்றினால் திருடன் அகப்பட்டுவிட்டான். பட்டையைக் கழற்றி, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளையாகத் தேய்த்து, புதுப் பட்டையை இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறுவது, இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து கண் சிமிட்டுவது, செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலேட்டர் கேபிள் சுடுவது எல்லாமே பெரும்பாலும் எர்த் கோளாறுதான். கரண்ட் சரியான வழி கிடைக்காமல் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கிறது.

அடுத்தது டைனமோ, ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது. வண்டி ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை இருக்கணும். 13க்குக் கீழே என்றால் பெல்ட், பிரஷ், வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கிற ரெகுலேட்டர் என்று வரிசையாகப் பாருங்கள். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி கொதித்துவிடும், அப்படியே ஓட்டாதீர்கள். பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் டைனமோவின் முதுகிலேயே வேக்கம் பம்ப் உட்கார்ந்திருக்கும், பெடலை லேசாக அழுத்தினாலே பிரேக் பிடிக்க உதவுகிற பிரேக் பூஸ்டருக்கு உறிஞ்சு சக்தி தருவது அதுதான். அதனால் டைனமோ ரிப்பேர் முடிந்த மறுநாள் பிரேக் கல் மாதிரி இறுகினால் வேக்கம் ஹோஸைப் பாருங்கள், ஆயில் பைப் வாஷரில் கசிவும் பாருங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலைந்து முறை அழுத்தி இறுகவிடுங்கள், காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் உள்ளே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் வண்டியை எடுக்க வேண்டாம்.

நிறுத்தி வைத்தே பேட்டரி காலியாகிறதா? மைனஸ் ஒயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து அந்த ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே கோத்துப் பாருங்கள், 0.05க்கு மேல் இழுத்தால் ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கணும். எதைப் பிடுங்கும்போது குறைகிறதோ அந்த லைன்தான். மீட்டர் இப்படி இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடித்துவிடாதீர்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் வண்டி பிடிக்கவில்லை, அல்லது பிடித்து நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் டீசலில் காற்று. ஃபில்டர் மாற்றிய பிறகு அடிக்கடி வருவது. ஃபில்டர் மேலே இருக்கிற திருகைத் தளர்த்தி, நுரை போய் சுத்தமான டீசல் வரும்வரை ஹேண்ட் பம்பை அடித்து, டீசல் வழியும்போதே இறுக்குங்கள். வாரம் ஒருமுறை காற்று வாங்கினால் டேங்கிலிருந்து வரும் ஹோஸ் எங்கோ வெடித்திருக்கிறது. இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திக் காற்று எடுக்கிற வேலையை காமன் ரயில் இன்ஜினில் (ஒரே குழாயில் மிக அதிக அழுத்தத்தில் டீசலைத் தேக்கித் தெளிக்கிற ரகம்) செய்யவே கூடாது, அந்த அழுத்தம் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும்.

சூடு ஏறுவதில் எப்போது ஏறுகிறது என்பதுதான் துப்பு. சிக்னலில் நின்றால் ஏறி, ஓடினால் இறங்குகிறதா, சூட்டுக்கு ஏற்ப ஃபேனைப் பிடித்துச் சுற்ற வைக்கிற விஸ்கஸ் கப்ளிங்கைப் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டுக் கையால் சுழற்றினால் தடங்கல் இருக்கணும், பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே போனால் அது செத்துவிட்டது. மாறாக பைபாஸில் வேகமாகப் போனாலோ கொல்லிமலை ஏறினாலோதான் சூடு என்றால் ரேடியேட்டர் உள்ளே அடைப்பு. காரணம் பெரும்பாலும் நாமே, போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி உப்பு படிய விட்டிருப்போம். கூலன்ட் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டராவது ஊற்றுங்கள். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுங்கள் என்று சொல்கிற மெக்கானிக்கிடம் நான் ஒத்துப்போவதில்லை. இன்ஜின் சூடே ஏறாமல் டீசல்தான் கூடுதலாகக் குடிக்கும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், துணி போட்டுக்கூட வேண்டாம்.

புகையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கறுப்பு என்றால் காற்று குறைவு அல்லது டீசல் அதிகம், ஏர் ஃபில்டரில் ஆரம்பியுங்கள். நீலம் ஆயில். வெள்ளை ஓயாமல் வந்து கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள தகடு) போயிருக்கலாம், நேராக மெக்கானிக்.

கிளட்சை விட்டதும் அடியில் 'டங்' என்று கேட்டால் கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற ஜாயிண்ட் ஷாஃப்ட்டின் கிராஸ் (சிலுவை வடிவ இணைப்பு) பெரும்பாலும் தேய்ந்திருக்கும். வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஷாஃப்ட்டைக் கையால் முன்னும் பின்னும் திருகுங்கள், கிராஸில் ஆட்டம் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். கிரீஸ் நிப்பிள் இருந்தால் சர்வீஸுக்கு ஒருமுறை அடித்து வந்தாலே பல வருடம் ஓடும்.

கடைசியாக ஒன்று, முதல் தடவை நடக்கும்போது பயமாக இருக்கும். சாவியை அணைத்தும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் டீசல் பம்பில் இருக்கிற, டீசலை நிறுத்துகிற ஸ்டாப் சோலனாய்டு சிக்கியிருக்கலாம். டாப் கியரைப் போட்டு, பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். திணறி நின்றுவிடும்.