கேபின் படகு ஏசியை நாமே மாற்றலாம்: பாம்பன் கரையிலிருந்து ஒரு செய்முறை

எங்கள் பக்கம் ஏசி போட்ட கேபின் படகுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் இந்த வேலைக்கென்று தனி ஆளும் கிடையாது. வீட்டு ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டால் வருவார், யூனிட்டைப் பார்ப்பார், "அவுட்டோர் எங்க?" என்று கேட்பார். அந்தக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

படகு ஏசிக்கு அவுட்டோர் கிடையாது. வீட்டு ஏசி சூட்டை வெளிக்காற்றில் தள்ளுகிறது. படகு ஏசி அதையே கடல்தண்ணீரில் தள்ளுகிறது. படகின் அடியில் ஒரு துளை, அதற்கு மேல் வால்வு, பிறகு வடிகட்டி, பம்பு, ஏசிக்குள் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் கண்டென்சர் குழாய், அங்கிருந்து படகின் பக்கவாட்டில் வெளியே. இந்தத் தண்ணீர் வழி ஒழுங்காக இருந்தால் ஏசி ஓடும், இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய யூனிட்டும் நின்றுவிடும். யூனிட்டை மாற்றுவது அரை நாள் வேலைதான். தண்ணீர் வழியைச் சரிசெய்யத்தான் நேரம் பிடிக்கும், ஆகவே இந்தப் பதிவிலும் அதற்குத்தான் அதிக இடம்.

(வீட்டு ஸ்பிளிட் ஏசியையே கேபின் கூரையில் மாட்டினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். மாட்டலாம், ஓடவும் செய்யும். ஆனால் நம்ம ஊர் உப்புக்காற்று அவுட்டோரின் அலுமினியத் தகடுகளை அரித்து மாவாக்கிவிடும். வீட்டு மாடியிலேயே அதைப் பார்க்கிறோம், கடலுக்குள் சொல்லவே வேண்டாம்.)

முதலில்: உண்மையிலேயே மாற்றத்தான் வேண்டுமா?

ஏசியைப் போட்டுவிட்டு படகின் பக்கவாட்டில் தண்ணீர் விழுகிறதா என்று பாருங்கள். சொட்டுச் சொட்டாக விழுந்தால் கோளாறு ஏசியில் இல்லை, தண்ணீரில். வடிகட்டியைத் திறந்தால் பாசியோ, கடல்புல்லோ, சொறியின் (ஜெல்லிமீன்) வழவழப்போ அடைத்திருக்கும். அதுவும் சுத்தம் என்றால் கண்டென்சர் குழாய்க்குள் உப்பும் சுண்ணாம்பும் படிந்திருக்கலாம். ஒரு வாளி வெள்ளை வினிகரைச் சின்னப் பம்பு வைத்து இரண்டு மணி நேரம் அதற்குள் சுற்றவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடும். வினிகரை வாளிக்கே திரும்ப விடுங்கள், கடலுக்குள் வேண்டாம்.

காற்று குறைவாக வந்து, உள்ளே சுருள் குழாயில் ஐஸ் கட்டியிருந்தால் முதலில் காற்று வடிகட்டியைக் கழுவுங்கள். கம்ப்ரஸர் "ம்ம்ம்" என்று உறுமிவிட்டு டிரிப் ஆனால் கெபாசிட்டரைச் சந்தேகப்படுங்கள், அது சில நூறு ரூபாய்ச் சாமான்.

இதெல்லாம் பார்த்தும் சரியாகவில்லை, அடித்தட்டு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது, வாயு கசிகிறது, அதுவும் பழைய ஆர்-22 வாயு என்றால் மாற்றிவிடுவதுதான் லாபம். ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் புதிய இயந்திரங்களில் அதைப் போடுவதை 2024-ஆம் ஆண்டோடு இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள். அதை நம்பி இன்னும் செலவு செய்வது வீண்.

எந்த அளவு வாங்குவது?

கேபினின் நீள அகலத்தை அடிக்கணக்கில் அளந்து பெருக்குங்கள். தளத்துக்குக் கீழே இருக்கும் அறை என்றால் சதுர அடிக்கு 60 பிடியூ (ஏசியின் குளிர்விக்கும் திறனைச் சொல்லும் அலகு), பாதி மேலே பாதி கீழே என்றால் 90, சுற்றிலும் கண்ணாடி போட்டு வெயிலில் நிற்கும் மேல் கேபின் என்றால் 120. இது தொழிலில் உள்ள பொதுக்கணக்கு. என் கேபின் 10 அடிக்கு 7 அடி, மூன்று பக்கம் கண்ணாடி. 70 சதுர அடியை 120-ஆல் பெருக்கினால் 8,400. அக்னி நட்சத்திரத்தில் மண்டபம் எப்படிக் கொதிக்கும் என்று தெரியும், அதனால் ஒரு படி ஏற்றி 10,000 பிடியூ வாங்கினேன். 16,000 வாங்கியிருந்தால் இன்னும் ஜில்லென்று இருக்கும் என்று நினைக்காதீர்கள். பெரிய யூனிட் சட்டென்று குளிரவைத்து நின்றுவிடும், காற்றின் ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே இருக்காது. குளிரும் நசநசப்புமாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வாங்குமுன் இரண்டு விஷயம். ஒன்று, பெயர்ப்பலகையில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வரும் பழைய அமெரிக்கச் சரக்கு பெரும்பாலும் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இரண்டு, யூனிட் போய் உட்காரும் பெட்டியை மட்டும் அளந்தால் போதாது, அது நுழைய வேண்டிய கதவையும் அளக்க வேண்டும். நான் அளக்கவில்லை. கதவுச் சட்டத்தைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோனோம்.

எப்போது, எங்கே

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் பழுதுபார்ப்பில் இருக்கும். ஃபைபர் ஆளும் எலெக்ட்ரீஷியனும் அப்போது கையில் சிக்க மாட்டார்கள். மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள். யூனிட்டை மட்டும் மாற்றப் படகைக் கரையேற்ற வேண்டாம், மிதந்தபடியே செய்யலாம். ஆனால் அலையில்லாத பக்கம் கட்டுங்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) தூக்கிப் போடும், வடகடல் (பாக் விரிகுடா) குளம் மாதிரி கிடக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழ். அடி வால்வையே மாற்றுவதாக இருந்தால் கரையேற்றாமல் தொடவே கூடாது.

பழையதை எடுப்பது

கரை மின்சாரத்தின் பிளக்கைப் பிடுங்குங்கள், ஜெனரேட்டரை நிறுத்துங்கள், இன்வெர்ட்டர் இருந்தால் அதையும். பிரேக்கரை இறக்கினால் மட்டும் போதாது. மல்டிமீட்டர் வைத்து ஏசி முனையில் மின்சாரம் இல்லை என்று பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஈரமான படகுக்குள் 230 வோல்ட் விளையாட்டில்லை. கெபாசிட்டர் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அதன் முனைகளைத் தொடாதீர்கள்.

பிறகு அடி வால்வை மூடுங்கள். மூடியதா என்று எப்படித் தெரியும்? வடிகட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தால் வால்வு மூடவில்லை, வேலையை அங்கேயே நிறுத்துங்கள். துளையின் அளவுக்குச் செதுக்கிய மரத் தக்கை ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் கட்டி வையுங்கள்.

வயர் ஒவ்வொன்றையும் கழற்றுமுன் போட்டோ எடுங்கள், டேப் ஒட்டி எழுதிவையுங்கள். ஹோஸில் நிற்கும் தண்ணீரை வாளியில் பிடித்துக்கொண்டு இரண்டு ஹோஸையும் உருவுங்கள். வராவிட்டால் முறுக்கி இழுக்காதீர்கள், நீளவாக்கில் கத்தியால் கீறி உரியுங்கள். காற்றுக் குழாயைக் கழற்றி, அடியில் உள்ள நாலு கிளிப்பையும் எடுத்தால் யூனிட் வந்துவிடும். 20, 25 கிலோ இருக்கும், குனிந்த நிலையில் தூக்க வேண்டும், இரண்டு பேர் தேவை. வாயு போகும் செம்புக் குழாயைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

தண்ணீர் வழி

புது யூனிட் பெட்டியிலேயே இருக்கட்டும். முதலில் இதைப் பாருங்கள்.

விதி ஒன்றுதான்: அடி வால்விலிருந்து வடிகட்டி, பம்பு, ஏசி வரை ஹோஸ் ஏறிக்கொண்டே போக வேண்டும். ஏசியிலிருந்து வெளித்துளை வரை இறங்கிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு இடத்திலும் மேடு தட்டி இறங்கக் கூடாது. காரணம், இந்தப் பம்பு தானாகத் தண்ணீரை உறிஞ்சி மேலே கொண்டுவரும் வகையில்லை. நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால்தான் தண்ணீர் தானாக வந்து அதை நிரப்பும், நிரம்பிய பிறகே அது தள்ளும். மேட்டில் காற்று மாட்டிக்கொண்டால் பம்பு சும்மா சுற்றும்.

எனக்கு அதுதான் நடந்தது. முதல் தடவை எல்லாம் மாட்டி ஆன் செய்தேன். பம்பு ஓடும் சத்தம் கேட்கிறது, வெளியே ஒரு சொட்டு இல்லை. மூன்று நிமிடத்தில் பிரஷர் கூடிவிட்டது என்று பேனல் காட்டி ஏசி நின்றது. புதுப் பம்பையே சந்தேகப்பட்டு இரண்டு சாயங்காலம் போனது. மச்சான் வந்தவன் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்து, "இங்க ஒட்டக முதுகு மாதிரி தூக்கி நிக்குதே மாப்ள" என்றான். பழைய ஹோஸ் நீளம் கூடுதலாக இருந்ததை நான் வெட்டாமல் அப்படியே மடக்கிச் சொருகியிருந்தேன். ஒரு அடி வெட்டி எடுத்ததும் தண்ணீர் பாய்ந்தது.

ஹோஸ் உள்ளே கம்பிச்சுருளோ நூலோ வைத்த கடல் ஹோஸாக இருக்கட்டும், பெரும்பாலான சின்ன யூனிட்டுகளுக்கு 16 மில்லிமீட்டர். தோட்டத்து ஹோஸ் சூட்டில் இளகி மடங்கிக்கொள்ளும். ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டிரண்டு கிளிப், ஒன்றின் திருகு ஒரு பக்கம், மற்றதன் திருகு எதிர்ப்பக்கம். கிளிப்பில் 316 என்ற ஸ்டீல் ரக எண் இருக்க வேண்டும். 304 ஸ்டீல் நம்ம கடலில் சீக்கிரமே பழுப்பு கசியும்.

வால்வில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பித்தளை வால்வு வீட்டுத் தொட்டிக்கு நல்லது. கடல்நீரில் பித்தளையின் துத்தநாகம் கரைந்து போய்விடும், வெறும் செம்பு மட்டும் பஞ்சு மாதிரி மிஞ்சும். பார்க்க முழுசாகத்தான் இருக்கும். சுரண்டினால் இளஞ்சிவப்பாகத் தெரியும், தட்டினால் உடையும். அடியில் அது உடைந்தால் படகு மூழ்கும். வெண்கலம் அல்லது படகுக்கென்றே செய்த கெட்டி நைலான் மட்டும்.

இன்னொன்று: இஞ்சினுக்குத் தண்ணீர் எடுக்கும் துளையிலிருந்தே ஏசிக்கும் ஒரு கிளை பிரிக்காதீர்கள். இஞ்சின் இழுக்கும் வேகத்தில் ஏசிப் பக்கமிருந்து காற்று வரும், இரண்டும் கெடும். தண்ணீர் எடுக்கும் வாய் படகின் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். வெளித்துளை நீர்மட்டத்துக்கு ஓரிரண்டு அங்குலம் மேலே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில்.

புதியதை வைப்பது

யூனிட் படுத்த நிலையில் வந்திருந்தால் ஒரு நாள் நிமிர்த்தி வைத்துவிட்டுப் பிறகு ஓட்டுங்கள், கம்ப்ரஸர் எண்ணெய் இடத்துக்கு வரட்டும். அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர், நாலு கிளிப். திருகு போடும் இடத்தில் பலகை எவ்வளவு கனம் என்று பாருங்கள், நீளத் திருகு படகின் தோலையே துளைத்துவிடும்.

காற்றுக் குழாய் சுருக்கமாக, நேராக, இழுத்துக் கட்டியபடி. குளிர்ந்த காற்று வரும் வாயும், அறைக்காற்றைத் திரும்ப இழுக்கும் வாயும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் யூனிட் தன் குளிரையே தான் குடித்துவிட்டு அறை குளிர்ந்ததாக நினைத்துக்கொள்ளும்.

சொட்டும் தண்ணீரைக் குறைவாக நினைக்காதீர்கள். நம்ம கடற்கரை ஈரத்தில் ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது லிட்டர்கூட வரலாம். அடித்தட்டிலிருந்து வடிகுழாய் இறங்கிக்கொண்டே போகட்டும்.

இஞ்சின் அறையிலோ ஜெனரேட்டர் பக்கத்திலோ யூனிட்டை வைக்காதீர்கள். வடிகுழாயின் முனையும் அங்கே போய் முடியக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடை ஏசி இழுத்துத் தூங்குகிற ஆள் மேல் ஊதும். வாசனை கிடையாது, எழுப்பவும் எழுப்பாது. கேபினில் அதற்கான அலாரம் ஒன்று கட்டாயம்.

மின்சாரம் பழகாதவர்கள் இந்தக் கட்டத்தை மட்டும் எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். வெள்ளீயம் பூசிய வயர், தனி பிரேக்கர், எர்த் கட்டாயம். 10,000 பிடியூ யூனிட் ஓடும்போது நாலைந்து ஆம்பியர்தான் எடுக்கும், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். 2 கேவிஏ ஜெனரேட்டர் அங்கேதான் திணறும். கிளம்பும்போது இழுப்பதைக் குறைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் ஒன்று மாட்டினால் சமாளிக்கலாம்.

ஓட்டிப் பார்ப்பது

அடி வால்வைத் திறங்கள். ஏசி நுழைவாயில் ஹோஸின் கிளிப்பைக் கொஞ்சம் தளர்த்தி, காற்று "புஸ்" என்று போய்த் தண்ணீர் வந்ததும் இறுக்குங்கள். டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். பேனலில் ஃபேன் மட்டும் போட்டு ஐந்து நிமிடம், பிறகு குளிர். பம்பு கிளம்பியதும் வெளித்துளைக்கு ஓடிப்போய் பாருங்கள். கையில் வாளி இருந்தால் பிடித்துப் பாருங்கள். 10,000 பிடியூவுக்கு நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் விழ வேண்டும். கால் மணி நேரம் கழித்து, யூனிட் இழுக்கும் காற்றுக்கும் விடும் காற்றுக்கும் தெர்மாமீட்டரில் 8 முதல் 11 டிகிரி வித்தியாசம் வந்தால் சரி.

முதல் நாள் ராத்திரி படகை விட்டுப் போகாதீர்கள். நான் உள்ளேயே படுத்திருந்தேன், மணிக்கொரு தரம் அடித்தளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தபடி. அதிகாலையில் ஒரு கிளிப்பில் ஈரம். அரைச் சுற்று இறுக்கியதும் நின்றது.

ஏசி ஓட்டும் நாளெல்லாம் தண்ணீர் வடிகட்டியைத் திறந்து பாருங்கள், சொறி மிதக்கும் நாட்களில் காலையும் மாலையும். படகு சும்மா நிற்கும் மாதங்களில் வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் குழாய்க்குள் கொட்டலசு (ஒட்டி வளரும் ஓட்டுயிர்) குடியேறிவிடும்.

கடைசியாக, பழைய யூனிட். செம்புக்காகப் பழைய இரும்புக் கடையில் உடனே எடுத்துக்கொள்வார்கள், வாசலிலேயே ரம்பம் போட்டுக் குழாயை அறுப்பார்கள், உள்ளே இருக்கும் வாயு அத்தனையும் ஆகாயத்துக்குப் போகும். அதற்கு முன் ஏசி மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து வாயுவை சிலிண்டரில் இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். என்னுடையதை ராமநாதபுரம் வரை பஸ்ஸில்தான் கொண்டுபோனேன். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.