பிரண்டையைப் பயன்படுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைப் புறநகரின் காலிமனைகளிலும் முள்வேலிகளிலும் தானாகவே படரும் பிரண்டை, திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்த கொடியாகும். மூட்டுவலிக்கு நல்லது என்று கேள்விப்பட்டவுடன், கண்ணில் பட்டதை ஒடித்து வந்து மிக்ஸியில் போடுவதிலிருந்தே தொல்லைகள் தொடங்குகின்றன.

சதுரக்கள்ளியின் இளங்கிளையைப் பிரண்டை என்று எண்ணிவிடக் கூடாது. கள்ளியை ஒடித்தால் வெண்பால் வடியும். அது தோலைப் புண்ணாக்கும், கண்ணுக்குக் கேடு. பிரண்டையில் பால் கிடையாது. கணுக்கள் ஒடுங்கியிருக்கும், அவற்றிலிருந்து பற்றுக்கம்பிகள் கிளம்பும். சாக்கடை ஓரத்துக் கொடியைப் பறிக்காமல் இருப்பதும் நல்லது.

பக்குவத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். தண்டில் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால் வெறுங்கையால் நறுக்கினால் கை அரிக்கும்; பச்சைச் சாறாகக் குடித்தால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். முற்றிய தண்டை விட்டு நுனிக்கொழுந்தையே பறித்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவையும் விளிம்பு நாரையும் நீக்கி, பச்சை நிறம் மாறிச் சுருளும் வரை எண்ணெயில் பொறுமையாக வதக்கிய பிறகே புளியும் மிளகாயும் உளுத்தம்பருப்பும் சேர்த்துத் துவையலாக அரைக்க வேண்டும். அரிப்பை அடக்கும் புளியைக் குறைப்பது சிக்கனமன்று, அறியாமை. திவசச் சமையலில் பாகற்காய் 100 கறிக்கும் பிரண்டை 300 கறிக்கும் பலா 600 கறிக்கும் ஈடு என்பார்கள். அத்தகைய மதிப்புப் பெற்ற துவையலை அரைகுறையாக வதக்கிப் பரிமாறுவது விருந்தாளியின் தொண்டைக்குச் செய்யும் துரோகம். அப்பள மாவில் பிரண்டைச் சாறு சேர்ப்பதும், மோரில் ஊறவைத்து வற்றல் போடுவதும் பழைய வழக்கங்களே.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, எலும்பு முறிவுக்குப் பிரண்டைப் பற்றை மட்டும் நம்பியிருப்பது. முறிவுக்கு அரைத்துக் கட்டும் மரபு நெடுங்காலமாக உண்டு, எலும்பு வளர்ச்சியில் இதன் பங்கு குறித்த ஆய்வுகளும் நடந்துள்ளன என்றாலும், விலகிய எலும்பை எந்தப் பற்றும் தானாக நேராக்கிவிடாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே முதல் வேலை. சிறுநீரகக் கல் உள்ளவர்கள், கல் உருவாகக் காரணமாகக்கூடிய ஆக்சலேட் இதில் இருப்பதை மனத்தில் கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து உண்பவர்களும், பிரண்டைப் பொடியையோ, பிரண்டையை எரித்த சாம்பலிலிருந்து எடுக்கும் பிரண்டை உப்பையோ மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

மாடித் தொட்டியில் வளர்ப்பவர்கள் அன்றாடம் நீரூற்றி அழுக விடுகிறார்கள். இரண்டு கணுவுள்ள துண்டை, வெட்டுவாய் உலர்ந்தபின் மணல் கலந்த மண்ணில் ஊன்றி, மண் காய்ந்த பிறகு மட்டும் நீர் விட்டால் போதும்.