சென்டம் இல்லாத கணக்கு ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

நான் கணக்கு டீச்சர். நூற்றுக்கு இத்தனை, வகுப்பில் இத்தனாவது ரேங்க் என்று எழுதும் வழக்கத்தைப் பல பள்ளிகள் விட்டுவிட்டன. இப்போது 'எதிர்பார்த்த நிலையில் உள்ளார்', 'வளர்ந்து வருகிறார்' என்று எழுதுகிறோம். கூடவே புதுப்புது எண்களும் வருகின்றன. பெற்றோர் கூட்டத்தில் கேட்கும் முதல் கேள்வி மட்டும் மாறவில்லை: "அதெல்லாம் சரி மிஸ், எவ்வளவு மார்க்?"

ரிப்போர்ட்டில் எண் இருந்தால், அது எந்த வகை எண் என்று முதலில் பாருங்கள். 72 பெர்சன்டைல் என்பது 72 மார்க் இல்லை. ஒப்பிட்ட பிள்ளைகளில் சுமார் 72 சதவீதம் பேர் உங்கள் பிள்ளைக்குச் சமமாகவோ கீழேயோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். வினாத்தாள் கடினமாக இருந்தால் பாதி மார்க் வாங்கியவருக்கும் இது கிடைக்கலாம். பெரும்பாலான பிள்ளைகள் நடுப்பகுதியில்தான் நெருக்கமாக நிற்பார்கள். அதனால் 48 பெர்சன்டைலுக்கும் 55க்கும் இடையே ஓரிரு கேள்விதான் வித்தியாசமாக இருக்கும். அதற்காக டியூஷன் தேடி ஓட வேண்டாம்.

தரப்படுத்திய மதிப்பெண்ணில், அதாவது வாங்கிய மார்க்கை மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட ஒரு பொது அளவுக்கு மாற்றி எழுதும் எண்ணில், 100 என்று கண்டால் சென்டம் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். பல தேர்வுகளில் அது வெறும் சராசரி. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் நடுவே இருப்பார்கள். இங்கிலாந்தில் 6ஆம் ஆண்டுத் தேர்வுக்கு 2016 முதல் 80இலிருந்து 120 வரை அளவு வைத்திருக்கிறார்கள். அங்கே 100 என்பது சராசரி இல்லை, எதிர்பார்க்கும் நிலையின் எல்லைக்கோடு. ஆகவே 'உங்கள் அளவில் 100 என்றால் என்ன?' என்று பள்ளியிடமே கேட்டுவிடுங்கள்.

அடுத்து அந்தச் சொற்கள். அவற்றைத் தனியாக வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "இதை எந்தக் கணக்கைப் பார்த்து எழுதினீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். 'கழித்தலில் வளர்ந்து வருகிறார்' என்று நான் எழுதினால் நோட்டில் பெரும்பாலும் இப்படி ஒன்று இருக்கும்: 503 − 267 = 364. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது பிள்ளை. 7இலிருந்து 3, 6இலிருந்து 0, 5இலிருந்து 2. கவனக்குறைவு என்று திட்டுவோம், ஆனால் இது ஒழுங்காகக் கடைப்பிடித்த தப்பான விதி. பழைய ரிப்போர்ட்டில் இது இரண்டு மார்க் குறைவு, அவ்வளவுதான்.

வீட்டில் 402 − 158 கொடுத்துப் பாருங்கள். 356 வந்தால் அதே விதி இன்னும் உட்கார்ந்திருக்கிறது. 244 வந்தால் அன்றைக்கு ஏதோ கைதவறியிருக்கலாம். 356 எழுதியவரிடம் விடையைச் சொல்லாதீர்கள். '400இலிருந்து 150 போனால் சுமாராக எவ்வளவு?' என்று மட்டும் கேளுங்கள். 250 என்று சொல்லிவிட்டுத் தன் விடையைத் தானே முறைத்துப் பார்க்கும்.

பாடப்பகுதி வாரியாகக் கொடுத்திருந்தால் பின்னத்தை முதலில் பாருங்கள். விகிதம், சதவீதம், இயற்கணிதம் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன.

போன வருட 85 மார்க்கை இந்த வருடச் சொல்லோடு ஒப்பிட வழியே இல்லை, முயலாதீர்கள். இரண்டு வருடமும் 'எதிர்பார்த்த நிலை' என்றே இருந்தால் பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று நினைக்கவும் வேண்டாம். எதிர்பார்ப்பு ஒரு வருடம் ஏறியிருக்கிறது, பிள்ளையும் கூடவே ஏறியிருக்கிறது. அதே சொல் 'வளர்ந்து வருகிறார்' என்று இரண்டாம் முறையும் வந்தால்தான், கூட்டத்துக்குக் கணக்கு நோட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.