பழைய கிராபிக்ஸ் கார்டும் வீடியோ டெக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகவரியில் "வட ஆற்காடு மாவட்டம்" என்று எழுதிக்கொண்டிருந்த காலத்துக் கல்யாண கேசட்டுகள் வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கத்து பீரோக்களில் இன்னும் கிடக்கின்றன. பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பிள்ளைகள் "அந்த வீடியோவை அனுப்புங்கப்பா" என்று கேட்டதும் பரணிலிருந்து டெக் இறங்குகிறது. கூடவே, டெக்கின் படத்தை உள்ளே வாங்கும் டிவி கார்டு போட்ட பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டரும் இறங்குகிறது. வருடக்கணக்கில் சும்மா கிடந்த இரண்டு சாமான்களுக்கு ஒரே நாளில் கரண்ட் கொடுத்து, ஓடவில்லை என்றதும் கைக்கு எட்டியதைக் கழற்றுவதில்தான் வினை ஆரம்பிக்கிறது. பல நேரம் கோளாறு ஒயரிலோ எர்த்திலோ செட்டிங்கிலோ இருக்கும். பழி மட்டும் கார்டின் மேல் விழும்.

முதலில் கம்ப்யூட்டர். ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. உடனே "கிராபிக்ஸ் கார்டு போச்சு" என்று முடிவுகட்டி, சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவரலாம் என்று காட்பாடியில் ரயிலேறாதீர்கள். பின்பக்கம் போய், மானிட்டர் ஒயர் எதில் சொருகியிருக்கிறது என்று பாருங்கள். கார்டு போட்ட கம்ப்யூட்டரில் மதர்போர்டின் விஜிஏ போர்ட் பெரும்பாலும் வேலை செய்யாது. ஆனால் எல்லார் கையும் முதலில் அதற்குத்தான் போகும். அப்புறம் பீப் சத்தத்தைக் கேளுங்கள். ஆன் செய்ததும் முதலில் ஓடும் புரோகிராம்தான் பயாஸ். அவார்டு கம்பெனி பயாஸ் உள்ள போர்டில் ஒரு நீள பீப், இரண்டு குட்டை பீப் வந்தால் வீடியோவில் தகராறு. ஏஎம்ஐ பயாஸ் என்றால் எட்டு பீப். சத்தமே வராவிட்டால் ஸ்பீக்கர் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பல கேபினட்டில் அதை மாட்டியே இருக்க மாட்டார்கள்.

ரேமையும் கார்டையும் கழற்றி, தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்துப் போடுவது நம் ஊர் கை வைத்தியம். பல நேரம் பலிக்கவும் செய்யும். கார்டை வெளியே எடுத்து, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டுச் சொருகினால் சரி. உப்புத்தாள் எடுத்தால் தங்கப் பூச்சு போய்விடும். ஸ்லாட்டுக்கு நேர் மேலே வைத்துத் தேய்த்தால் ரப்பர் தூள் முழுக்க ஸ்லாட்டுக்குள் விழும்.

ஏஜிபி என்ற பழைய வகை ஸ்லாட்டில் போடும் கிராபிக்ஸ் கார்டு என்றால் வோல்டேஜ் விஷயம் ஒன்று உண்டு. 1997-ல் வந்த முதல் தலைமுறை 3.3 வோல்ட்டில் ஓடியது. பின்னால் வந்த 4எக்ஸ் 1.5 வோல்ட். கார்டின் அடியில் உள்ள வெட்டுப்பள்ளமும் ஸ்லாட்டின் தடுப்பும் பொருந்தினால்தான் அது சேரும் ஜோடி. உட்காரவில்லை என்று அமுக்கி உட்காரவைத்தால் கார்டோடு போர்டும் சேர்ந்து போகலாம்.

டார்ச் அடித்து கெபாசிட்டர்களையும் பாருங்கள். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் வந்த போர்டுகளிலும் கார்டுகளிலும் தரமில்லாத எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் ஏராளமாகப் போனது உலகம் முழுக்கத் தெரிந்த கதை. தலை தட்டையாக இருந்தால் நல்லது. உப்பியிருந்தாலோ பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ டிரைவரை எத்தனை தடவை மாற்றிப் போட்டாலும் பயன் இல்லை. மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் என்று கேட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் மட்டும் நீங்களாகக் கைவைக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.

திரையில் கோடும் கட்டமும் வந்தால், எப்போது வருகிறது என்பதுதான் துப்பு. ஆன் செய்ததும் வரும் பயாஸ் எழுத்திலேயே கோடு இருந்தால் கார்டின் மெமரியோ சிப்போ போயிருக்கிறது. விண்டோஸ் வந்த பிறகு மட்டும் என்றால் முதலில் டிரைவரைச் சந்தேகப்படலாம். கேம் போட்டுக் கால் மணி நேரம் கழித்து என்றால் சூடு.

சூடு என்றதும் கார்டை ஓவனில் வைத்துச் சுடும் வீடியோக்கள் ஞாபகத்துக்கு வரும். தயவுசெய்து வேண்டாம். அது சில சமயம் பலிப்பதற்குக் காரணம், சிப்பையும் அதன் அடித்தட்டையும் சேர்க்கும் நுண்ணிய சால்டர் புள்ளிகளில் விட்டுப்போனது சூட்டில் கொஞ்ச நாளைக்கு ஒட்டிக்கொள்வதுதான். 2008 ஜூலையில் என்விடியா தன் லேப்டாப் சிப்களில் இந்தப் பகுதி பலவீனமாக இருப்பதை ஒப்புக்கொண்டு, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை செலவாகும் என்று அறிவித்தது. தயாரித்தவர்களுக்கே அத்தனை செலவு வைத்த கோளாறு, சமையலறை ஓவனில் தீராது. பிளாஸ்டிக் உருகிய புகை படிந்த ஓவனில் அப்புறம் கேக் வேறு செய்யப் பார்ப்பார்கள்.

வேலூர் கத்திரி வெயிலில் அறையே அடுப்பாக இருக்கும்போது ஹீட்சிங்க்கில் தூசி அடைந்தால் கார்டு என்ன செய்யும்? புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும். கிரீச்சிடும் ஃபேனுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவதும் ஒரு பழக்கம். தூசியைச் சேர்த்துப் பிசினாக்கிவிடும், மார்கழிக் காலையில் உறைந்தும் நிற்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு போதும்.

இனி எர்த். நிறையப் பேர் சாமானை இழப்பது இங்கேதான், யாரும் பேசாததும் இதைத்தான். எர்த் இல்லாத வீட்டில் கம்ப்யூட்டர் கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதே, அது ஏன்? எஸ்எம்பிஎஸ்ஸில் லைனிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறு கெபாசிட்டர்கள் பாடியோடு சேர்ந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் கேபினட் ஏறக்குறைய 115 வோல்ட்டில் நிற்கும். கரண்ட் குறைவு என்பதால் ஆளுக்கு ஆபத்தில்லாமல் சுரீரோடு போகலாம், ஆனால் சிப்புக்கு அதுவே எமன். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பின்னை உற்றுப் பாருங்கள். நடுக்கம்பி வெளி வளையத்தைவிட நீட்டிக்கொண்டிருக்கும். சொருகும்போது முதலில் தொடுவது நடுக்கம்பி. கசிவு முழுக்க அதன் வழியாக வீடியோ சிப்புக்குள் நேரே இறங்கும். ஒயரை மாட்டியதும் கார்டு செத்துப்போகும் கதைகள் பலவற்றின் உள்ளே இதுதான் இருக்கிறது. டெக், டிவி, கம்ப்யூட்டர் மூன்றின் பிளக்கையும் பிடுங்கி, கேபிள் டிவி ஒயரையும் கழற்றிவிட்டு, ஏவி ஒயரை மாட்டிய பிறகு கரண்ட் கொடுங்கள். சுவரில் மூன்றாவது ஓட்டை இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். பழைய வீடுகளில் அதற்குப் பின்னால் ஒயரே இல்லாமல் இருப்பது சகஜம்; எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படம் கறுப்பு வெள்ளையாக வருகிறதா? கார்டு கெடவில்லை. எஸ்-வீடியோ என்று செட்டிங்கில் வைத்துவிட்டு மஞ்சள் ஒயரை மாட்டியிருப்பீர்கள், அல்லது டிவி முறை பால் (PAL) என்று இருக்க வேண்டிய இடத்தில் என்டிஎஸ்சி (NTSC) இருக்கும். நம் நாட்டு முறை பால்: 625 வரி, நொடிக்கு 25 படம். அமெரிக்கச் சொந்தக்காரர்கள் கொண்டுவந்த கேசட் என்டிஎஸ்சி: 525 வரி, 29.97 படம். அதற்கு மல்டி சிஸ்டம் டெக் வேண்டும். விஜிஏ ஒரு முனை, மஞ்சள் பின் மறுமுனை என்று வெறும் ஒயராக விற்பதை வாங்கி ஏமாறாதீர்கள். விஜிஏ குறைந்தபட்சம் நொடிக்குச் சுமார் 31,500 வரி அனுப்பும், பழைய டிவிக்குத் தெரிந்தது 15,625. நடுவில் சர்க்யூட் உள்ள கன்வர்ட்டர் இல்லாமல் படம் வராது.

டெக்கில் பெரிய தவறு, பூஞ்சை பிடித்த கேசட்டைப் போட்டுப் பார்ப்பது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது நனைந்ததென்று இல்லை, ஐப்பசி ஈரத்தில் கீழ்த்தட்டில் கிடந்தாலே போதும். கேசட்டின் கண்ணாடி வழியாக டேப் சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாக மாவு தூவினதுபோல் தெரிந்தால் போடவே கூடாது. ஒரு கேசட்டின் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுகளுக்கும் போகும். வெயிலில் காயவைக்கவும் வேண்டாம், நம் வெயிலில் பிளாஸ்டிக்கே வளைந்துவிடும். நிழலில் ஆறவிட்டு, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். காசு கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை.

ஹெட்டைத் துடைப்பதற்கும் முறை உண்டு. பால் டெக்கின் டிரம் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும், ஹெட் அதன் ஓரத்தில் தூசி அளவுக்குத்தான் இருக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியால் மேலும் கீழும் தேய்த்தால் பஞ்சு நூல் சிக்கி ஹெட் உடையும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த ஷாமி தோலை டிரம்மில் வைத்து, தோலை அசைக்காமல் டிரம்மைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். சென்ட், பெட்ரோல் எதுவும் ஆகாது. டேப்பை விழுங்கித் துப்பாமல் நிற்கும் டெக்கில் பெரும்பாலும் ரப்பர் பெல்ட்டும் ஐட்லர் சக்கரமும்தான் இறுகியிருக்கும். டேப்பை இழுத்துப் பிடுங்காமல் மூடியைத் திறந்து கையால் விடுவியுங்கள். புது டெக் வாங்கலாம் என்றால், கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பான் கம்பெனி ஃபுனாயும் 2016-ல் நிறுத்திவிட்டது.

காப்பி எடுக்கும்போது நடப்பது இன்னொன்று. விசிடி இருக்கிறதே என்று அதிலிருந்து எடுப்பார்கள். விசிடியில் படம் 352-க்கு 288 மட்டும்; ஸ்டூடியோ போட்டுக் கொடுத்த அந்த சிடியை நம்பி கேசட்டைத் தூக்கிப்போட்டவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. கேசட்டிலிருந்தே 720-க்கு 576, 25 படம் என்று எடுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் வரிகளைச் சேர்ப்பது, அகலத் திரைக்கு இழுப்பது எல்லாம் அப்புறம் பிரதியில் செய்யலாம். மினிடிவி (MiniDV) கேசட் கேமரா என்றால் ஃபயர்வயர் ஒயரை இரண்டு பக்கமும் ஆஃப் செய்த பிறகே மாட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி ஆகும். பழைய ஹார்ட் டிஸ்க் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்ததாக இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது, பதினெட்டு நிமிடம் போல ஓடியதும் சிக்கல் வரும். அதற்கும் கார்டைத்தான் திட்டுவார்கள்!

ரெக்கார்ட் பட்டனை கம்ப்யூட்டரில் அழுத்துவதற்குப் பதில் டெக்கில் அழுத்திவிடுகிறவர்களும் உண்டு. தாலி கட்டும் இடத்தில் நீலத் திரை பதிவாகிவிடும், திரும்ப வராது. கேசட்டின் முதுகுப் பக்கத்து ஓரத்தில் உள்ள சின்ன பிளாஸ்டிக் நாக்கை டெக்கில் போடுவதற்கு முன்பே உடைத்துவிடுங்கள். ஏற்கனவே உடைந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டியிருந்தால் அதைப் பிய்த்துவிடுங்கள். முதலில் ஏதாவது பழைய சினிமா கேசட்டை முழுசாக ஓடவிட்டு, டேப் கசங்காமல் வெளியே வருகிறதா என்று பார்த்த பிறகு கல்யாண கேசட்டை எடுத்துப் போடுங்கள்.