ஓகேயூ பாத்ரூம் உள்ள வீடு எடுக்கிறீர்களா? வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இதைப் படித்துவிடுங்கள்

கோலாலம்பூருக்கு வேலையாக வருகிற நம் ஆட்களில் பலர் அம்மாவையோ மாமியாரையோ கூடவே அழைத்து வருகிறார்கள். முட்டிவலி, பக்கவாதம், சக்கர நாற்காலி என்று ஏதாவது இருந்தால், படி இல்லாத, கைப்பிடி பதித்த குளியலறை உள்ள வீடாகத் தேடுவோம். இங்கே அதை ஓகேயூ பாத்ரூம் என்பார்கள். ஏஜெண்ட் அந்தக் கதவைத் திறந்து காட்டியதுமே நமக்கு மனசு குளிர்ந்துவிடும். அதே வீட்டில் ஓடியாடுகிற பிள்ளையும் இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள்.

முதலில் வழக்கமான சடங்குகளை முடித்துவிடலாம். இரண்டு மாத டெபாசிட், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், ஒரு மாத முன்வாடகை. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது லேசாகத்தான் தெரியும். ஒப்பந்தத்துக்கு ஸ்டாம்பிங் செய்துவிடுங்கள். தெனாகா (மின்சாரக் கம்பெனி), தண்ணீர்க் கணக்குகள் யார் பெயரில் இருக்கும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கொண்டோ, அதாவது அடுக்குமாடி, ஆபீஸில் ஃபாரம் நிரப்பி, சாமான் ஏற்ற லிஃப்டுக்கு நேரம் வாங்குங்கள். சுவரில் துளை போட அனுமதிக்கும் நேரத்தையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு எட்டுகிற உயரமும் நிற்கிற குழந்தைக்கு எட்டுகிற உயரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஹேண்ட் ஷவர் தாழ்வாகத் தொங்கும். குழாய் ஒரு விரலால் தள்ளினாலே திறந்துகொள்ளும். கதவு லேசாகத் தொட்டாலே நகரும். நாலு விரற்கடை உயரத்துக்குக்கூட வாசலில் தடுப்பு இருக்காது. பாட்டிக்காகச் செய்த ஒவ்வொரு வசதியும் பேரனுக்கும் வசதிதான். அதற்காக அவற்றைக் கழற்றவும் முடியாது.

எங்கள் பிளாக்கிலேயே இருக்கும் தஞ்சாவூர்த் தோழி ஒருத்திக்கு நடந்ததைச் சொல்கிறேன். மாமியார் சக்கர நாற்காலியில். பையனுக்கு இரண்டரை வயது, கதவு திறந்திருந்தால் நேரே தண்ணீரில்தான் நிற்பான். நம் ஊரில் குளியலறைக் கதவுக்கு வெளியே ஒரு தாழ்ப்பாள் இருக்கும், போட்டுவிட்டால் நிம்மதி. இங்கே பெரும்பாலும் அது கிடையாது. அவள் ஒன்று வாங்கி, மாமியார் கைக்கு எட்டுகிற உயரத்தில் போடச் சொன்னாள். சில நாளிலேயே பையன் அதை இழுக்கக் கற்றுக்கொண்டு, பாட்டி உள்ளே இருக்கும்போது வெளியிலிருந்து போட்டுவிட்டான். இவள் பார்சல் வாங்கக் கீழே போயிருந்தாள். திரும்பி வந்தபோது பாட்டி உள்ளே கத்திக்கொண்டிருக்கிறார், இவன் வெளியே கை தட்டிக்கொண்டிருக்கிறான்.

சரி என்று தாழ்ப்பாளைக் கதவின் உச்சிக்கு மாற்றினார்கள். பையனுக்கு எட்டவில்லை, மாமியாருக்கும் எட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் மருமகளைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்ல வேண்டும். "நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்?" என்று அந்த அம்மா கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

மூன்றாவது யோசனை வேலைக்கு வந்த ஆளுடையது. கதவின் அடியில் தாழ்ப்பாள் வைத்துத் தரையில் துளை போட்டுவிட்டால், பாட்டி ஊன்றுகோலால் தட்டித் திறந்துகொள்ளலாம், பையனுக்கு அதைத் தூக்கப் பலம் போதாது என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். டிரில் இறங்க இறங்க முதலில் டைல்ஸின் வெள்ளைத் தூள் வந்தது, அப்புறம் சாம்பல் நிறச் சிமெண்ட், கடைசியாகக் கறுப்பாக ரப்பர் பிசிறு மாதிரி ஏதோ சுருண்டு வந்தது. வாயால் ஊதித் தள்ளிவிட்டு, பிளக்கைத் திணித்து, காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கறுப்புப் பிசிறுதான் நீர்க்காப்புப் படலம். சாதாரணக் குளியலறையில் தண்ணீர் வெளியே ஓடாமல் வாசல் படியும் சேர்ந்து தடுக்கும். படி இல்லாத குளியலறையில் அந்த உதவி கிடையாது, டைல்ஸுக்கு அடியில் இருக்கும் அந்தப் படலத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும். அதனால் சரியாகக் கட்டிய இடத்தில் அதை வாசலைத் தாண்டியும் கொஞ்சம் நீட்டியிருப்பார்கள், ஷவர் பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஏற்றியிருப்பார்கள். அதில் ஒரே ஒரு துளை விழுந்தாலும் தினமும் குளிக்கிற தண்ணீர் அந்த வழியாக இறங்கும். மேலே நமக்கு ஒன்றுமே தெரியாது.

கீழ் வீட்டுச் சீன அம்மாவுக்குத்தான் தெரிந்தது. போனில் படத்தோடு மேலே வந்தார்: சீலிங்கில் மஞ்சளாக வட்டம், நடுவில் பெயின்ட் கொப்புளம். கோபப்படக்கூட இல்லை. ஆனால் கொண்டோ ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஊரில் இதுமாதிரி வந்தால் மாதக்கணக்கில் வாய்ச்சண்டைதான் நடக்கும். இங்கே சட்டமே எழுதி வைத்திருக்கிறார்கள். 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) மேலாண்மைச் சட்டப்படி, கீழ் வீட்டுச் சீலிங் ஒழுகினால் மேல் வீட்டில்தான் கோளாறு என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்றால் நிரூபிக்க வேண்டியது மேலே இருப்பவர். புகார் வந்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. வந்து பார்த்தார்கள். வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க விட்டார்கள். கீழே சொட்டியது.

கடிதம் வீட்டுக்காரருக்குப் போகும், அவர் நம்மிடம் வருவார். அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் போட்ட துளை என்பதால் பேச வாயே இல்லை. டைல்ஸ் மொத்தமும் உடைத்தார்கள், ஏனென்றால் அதே மாதிரி டைல்ஸ் இப்போது கடையில் கிடையாது. புதுப் படலம், புதுத் தரை, கீழ் வீட்டுக்குச் சீலிங். கொடுத்த டெபாசிட் முழுதும் போய், அதற்கு மேலும் கைக்காசு போட்டாள். வேலை முடிகிறவரை அந்தப் பெரியம்மாவுக்குப் படுக்கையறையிலேயே கமோடு நாற்காலி. துளை போட்டவரோ, தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தனக்கெப்படித் தெரியும் என்றார். பைப் வேலைக்கும் டைல்ஸ் வேலைக்கும் கூப்பிடுகிற ஆளுக்கு அது தெரியாது என்றால் வேறு யாருக்குத்தான் தெரியும்? இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

ஆகவே படி இல்லாத குளியலறையில் தரையிலும் சுவரின் கீழ்ப்பக்கத்திலும், ஷவர் பக்கச் சுவரில் ஆள் உயரம் வரைக்கும், யார் சொன்னாலும் துளை போட விடாதீர்கள். கதவைப் பூட்டுகிற யோசனையையே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. கதவின் மேல் மூலையில் ஒட்டுகிற சின்ன மணி, திறந்தால் சத்தம் போடுவது, ஹார்ட்வேர் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. பிள்ளை தடுப்புக் கேட் வாங்கினால் குளியலறை வாசலில் மாட்டாதீர்கள். திருகு இல்லாமல் அழுத்தி நிற்கும் வகைகளுக்கு அடியில் ஒரு குறுக்குக் கம்பி இருக்கும், சக்கர நாற்காலி அதில் முட்டும், வாக்கர் தடுக்கும். பிள்ளை விளையாடுகிற அறை வாசலில் மாட்டுங்கள். குளியலறைக் கதவின் உள் பூட்டை வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்க ஒரு பிளவு இருக்கும். பெயின்ட் அடித்து அடைத்திருக்கிறார்களா என்று குடிபோன அன்றே திருப்பிப் பாருங்கள்.

கதவு பூட்டாமல் கிடக்கும் என்றால் உள்ளே ஆபத்து எதுவும் இருக்கக்கூடாது. அதில் முதல் எதிரி தண்ணீர் டாங், அதாவது தண்ணீர் பிடித்து வைக்கிற பீப்பாய். கோலாலம்பூரும் சுற்றுப்புறமும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர் வெட்டு வரும். தண்ணீர் விநியோகிக்கும் ஆயர் சிலாங்கூர் நிறுவனம் முன்கூட்டி அறிவித்ததும் நம் ஆட்கள் இருக்கிற வாளி, டாங் எல்லாவற்றையும் நிரப்பிவிடுவார்கள். மதுரையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற கை, சும்மா இருக்குமா? ஆனால் நடக்கப் பழகும் பிள்ளைக்குத் தலை கனம் அதிகம். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது, சில அங்குலத் தண்ணீரே போதும், சத்தமும் வராது. திருகு மூடி உள்ள டாங்காக வாங்கிப் பால்கனியில் வையுங்கள். மூடி இருந்தால் ஏடிஸ் கொசுவும் முட்டையிடாது. காலி வாளியைக் கவிழ்த்துவிடுங்கள்.

ஹீட்டருக்கு வருவோம். தனியாக 10 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று பதிவு பெற்ற வயர்மேனிடம் காட்டுங்கள். வீட்டுக்குப் பொதுவாக இருப்பது மட்டும் ஈரமான இடத்துக்குப் போதாது. மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். குளித்து முடித்ததும் வெளி சுவிட்சை அணைத்துவிட்டால் பையன் எந்தக் குழாயைத் திறந்தாலும் பச்சைத் தண்ணீர்தான் வரும். கோலாலம்பூர் வெயிலுக்கு அதுவே இளஞ்சூடாகத்தான் இருக்கிறது. தப்பித்தவறிச் சுட்டுக்கொண்டால் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, இங்க், தோசை மாவு எதுவும் வேண்டாம்.

இந்தக் குளியலறைகளில் வாஷ்பேசினுக்கு அடியில் முழங்கால் நுழைய இடம் விட்டிருப்பார்கள், அலமாரி இருக்காது. அதனால் ஆசிட் பாட்டிலும் பிளீச்சும் தரையிலேயே வந்து உட்கார்ந்துவிடும். அவற்றைச் சமையலறையில் மேல் தட்டுக்கு ஏற்றுங்கள். சுவரில் மடங்கும் குளியல் இருக்கையின் கீல் பிள்ளை விரலுக்கென்றே செய்தது போல இருக்கும். உபயோகம் இல்லாத நேரம் கீழே இறக்கியே வையுங்கள், ஆனால் மேலே ஜன்னல் இல்லை என்றால் மட்டும். இருக்கை, கைப்பிடி, கண்ணாடிப் பட்டை ஜன்னல் மூன்றும் ஒரே சுவரில் இருந்தால் அது ஏணி. மாடி வீட்டில் கிரில் இல்லாமல் குடியேறாதீர்கள், வீட்டுக்காரரை விடாமல் நச்சரித்து வாங்குங்கள்.

ரப்பர் பாய் போடச் சொல்வார்கள். பிள்ளைக்கு நல்லது, வாக்கர் காலுக்குத் தடுக்கும். வழுக்காத பூச்சு அடிக்கலாம். டாய்லெட்டில் கழுவுகிற ஹோஸின் வால்வை இரவில் மூடுங்கள். படி இல்லாத இடத்தில் அது வெடித்தால் காலையில் ஹாலில் செருப்பு மிதக்கும்.

கடைசியாக டெபாசிட். சாவி வாங்குகிற அன்றே குளியலறைத் தரை, வாசல், கைப்பிடித் திருகுகள் எல்லாவற்றையும் தேதி தெரியப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். முடிந்தால் கீழ் வீட்டுக்காரரிடம் போய் அறிமுகமாகிக்கொண்டு, அவர் சீலிங்கையும் ஒரு படம். கையில் முறுக்குப் பொட்டலம் இருந்தால் யாரும் மறுப்பதில்லை. ஒட்டு மணியையும் கொக்கிகளையும் காலி செய்யும்போது ஹேர் டிரையரால் சூடு காட்டி உரித்தால் பெயின்ட் வராது.