குற்ற விசாரணைக்குத் தலைமை தாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: எஃப்பிஐ வழக்குகள் காட்டுவது

அமெரிக்காவின் எஃப்பிஐயில் ஒரு ஏஜென்ட் மேற்பார்வை அதிகாரியாக உயர்ந்தவுடன் அவருடைய வேலையின் தன்மையே மாறிவிடுகிறது. அதுவரை கதவைத் தட்டியவர், சாட்சிகளிடம் பேசியவர், தடயம் சேகரித்தவர், இனி ஓர் அணியின் வேலையைப் படித்துக் கேள்வி கேட்டுக் கையெழுத்துப் போடுபவர். வாரன்ட் கேட்டு நீதிமன்றத்துக்குப் போகும் பிரமாணப் பத்திரம், சோதனைக்கான திட்டம், இன்ஃபார்மர் பற்றிய கோப்பு எல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போகும். அதனால் அவர் செய்யும் தவறுக்குத் தனி ஏஜென்ட் செய்யும் தவறைவிட வீச்சு அதிகம்.

அந்த நாட்டில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பெரிய வழக்கு ஒன்று சறுக்கினால் துறைக்குள்ளேயே இருக்கும் தலைமை ஆய்வாளர் அலுவலகமோ, நாடாளுமன்றக் குழுவோ விசாரித்து விரிவான அறிக்கை வெளியிடும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அப்படிப் படிக்கும்போது எனக்குத் திரும்பத் திரும்பத் தென்படுவது இதுதான்: சரியான தகவல் பெரும்பாலும் அலுவலகத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. யாரோ ஒருவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார், அல்லது ஒரு காகிதத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மேலே இருந்தவர் காதில்தான் அது ஏறவில்லை. இந்தத் துறையில் தலைமைப் பொறுப்புக்குப் போக நினைப்பவர்கள் இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படிக்க வேண்டும்.

முடிவை முதலில் எடுத்துவிடுவது

2004 மார்ச் 11 அன்று ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் ரயில்களில் குண்டுகள் வெடித்து 190க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடிக்கவைக்கும் டெட்டனேட்டர்கள் இருந்த பிளாஸ்டிக் பை ஒன்றில் ஒரு கைரேகை கிடைத்தது. அதை எஃப்பிஐயின் கம்ப்யூட்டரில் போட்டபோது ஒத்துப்போகக்கூடிய 20 பேரின் பட்டியல் வந்தது. நான்காவது இடத்தில் இருந்தவர் பிராண்டன் மேஃபீல்டு, ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் வசித்த வழக்கறிஞர். ஒரு நிபுணர் பார்த்து அவர் ரேகைதான் என்றார். இன்னும் இருவர் பார்த்து ஆமாம் என்றார்கள். நீதிமன்றம் நியமித்த வெளி நிபுணரும் பிறகு அதையே சொன்னார்.

மூன்று பேர் சரிபார்த்துவிட்டார்களே, அப்புறம் என்ன சந்தேகம் என்று தோன்றும். ஆனால் சரிபார்த்தவர்களுக்கு முதல் ஆள் என்ன முடிவு சொன்னார் என்பது முன்பே தெரியும். தலைமை ஆய்வாளர் அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. நிபுணர்கள் மேஃபீல்டின் ரேகையில் கண்ட அம்சங்களை வைத்துக்கொண்டு, பையில் இருந்த மங்கலான ரேகையிலும் அவற்றைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். தேடினால் கிடைக்கத்தான் செய்யும்.

ஏப்ரல் 13 அன்று ஸ்பெயின் போலீஸ் ரேகை பொருந்தவில்லை என்று எழுதி அனுப்பியது. அங்கேதான் வழக்கை நடத்தியவர்கள் நின்றிருக்க வேண்டும். ஒரு நாட்டின் தேசிய போலீஸ் இல்லை என்கிறது. மேஃபீல்டு அண்மையில் வெளிநாடு போனதற்கான பதிவும் இல்லை. ஆனால் எஃப்பிஐ தன் ஆளை மாட்ரிட்டுக்கு அனுப்பித் தங்கள் முடிவை விளக்கியது. பயணப் பதிவு இல்லாததற்கு, வேறு பெயரில் போயிருக்கலாம் என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதினார்கள். எதிராக நின்ற ஆதாரத்தையே ஆதரவாக மாற்றிக்கொண்டார்கள். விஷயம் பத்திரிகைகளுக்குக் கசிகிறது என்று தெரிந்ததும் அவசரமாக, மே 6 அன்று அவரைக் கைது செய்தார்கள். மே 19 அன்று அந்த ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது என்று ஸ்பெயின் அறிவித்தது. அடுத்த நாள் மேஃபீல்டு வெளியே வந்தார். 2006இல் அரசு மன்னிப்புக் கேட்டு 20 லட்சம் டாலர் கொடுத்தது.

அவர் இஸ்லாத்தைத் தழுவியவர், பயங்கரவாத வழக்கில் சிக்கிய ஒருவருக்குக் குடும்ப வழக்கொன்றில் ஆஜரானவர். முதல் பொருத்தம் சொன்னபோது நிபுணர்களுக்கு இது தெரியாது. பிறகு தெரிந்தது, மறுபடி யோசிக்க விடாமல் தடுத்தவற்றில் அதுவும் ஒன்று என்றது அறிக்கை. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ஒரு மனிதரின் தொழுகையும் தொழிலும் அவருக்கு எதிரான சாட்சியாக நின்றிருக்கின்றன.

தலைமை அதிகாரி செய்யக்கூடியது எளிமையானது. முக்கியமான எந்தத் தடயத்தையும், முதல் முடிவு என்னவென்றே சொல்லாமல் இன்னொருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறை அணியைக் கூட்டி, “நாம் நினைக்கும் ஆள் இல்லை என்றால் அதை எது காட்டும்? அதைத் தேடினோமா?” என்று கேட்க வேண்டும். பதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் பூங்கா குண்டுவெடிப்பிலும் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் விடை பக்கத்திலேயே இருந்தது. பையைக் கண்டுபிடித்து மக்களை விலக்கிய காவலாளி ரிச்சர்ட் ஜூவல் மேலேயே சந்தேகம் திரும்பியது. எச்சரிக்கை அழைப்பு வந்த பொதுத் தொலைபேசி பூங்காவிலிருந்து சில தெருக்கள் தள்ளி இருந்தது. அந்த நேரத்துக்குள் அவர் அங்கே போய்ப் பேசிவிட்டுத் திரும்பியிருக்க முடியாது. நடந்து பார்த்தாலே தெரிந்துவிடும். அதற்குள் அவர் பெயர் பத்திரிகைக்குப் போய்விட்டது. பயிற்சி வீடியோ எடுக்கிறோம் என்று சொல்லி அவரை விசாரித்தார்கள். பாதியில் தலைமையகம் தலையிட்டு, பேசாமல் இருக்கும் உரிமை உட்பட அவருடைய உரிமைகளை வாசிக்கச் சொன்னபோது, அதுவும் வீடியோவின் ஒரு பகுதி என்பதுபோல நடத்தினார்கள். அவர் மீது சந்தேகம் இல்லை என்று அரசு வழக்கறிஞர் கடிதம் கொடுக்க அக்டோபர் கடைசி ஆகிவிட்டது. உண்மைக் குற்றவாளி எரிக் ருடால்ஃப் அதற்குப் பிறகும் மூன்று இடங்களில் குண்டு வைத்தார். 1998இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில் ஒரு போலீஸ் அதிகாரி இறந்தார். தவறான ஆளைத் துரத்தும் நேரம் சரியான ஆளுக்குக் கிடைக்கும் நேரம்.

கீழே இருந்து வரும் குரலைக் கேட்காமல் விடுவது

1993 பிப்ரவரி 28, டெக்சாஸ் மாநிலம் வேக்கோ. டேவிட் கொரேஷ் என்பவரின் மதக் குழு இருந்த வளாகத்தில் சட்டவிரோத ஆயுதங்களைத் தேடி ஏடிஎஃப் என்ற கூட்டாட்சி அமைப்பு திடீர்ச் சோதனைக்குத் தயாரானது. திட்டம் முழுவதும் ஒரே ஒரு விஷயத்தை நம்பி இருந்தது: உள்ளே இருப்பவர்களுக்கு முன்கூட்டித் தெரியக்கூடாது.

அன்று காலை ஒரு டிவி கேமராமேன் வழி தெரியாமல் அந்தப் பக்கம் வந்த தபால்காரரிடம் வழி கேட்டார். அந்தத் தபால்காரர் கொரேஷின் மைத்துனர். செய்தி உள்ளே போய்விட்டது. அப்போது ராபர்ட் ரோட்ரிகெஸ் என்ற ஏடிஎஃப் ஏஜென்ட் மாறுவேடத்தில் கொரேஷுடன்தான் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். கொரேஷின் முகம் மாறியதைப் பார்த்தார். நல்லபடியாக வெளியே வந்து, போன் செய்து, அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று மேலதிகாரியிடம் சொன்னார்.

மேலதிகாரி என்ன கேட்டார் தெரியுமா? உள்ளே யாரிடமாவது துப்பாக்கி பார்த்தாயா, என்ன உடை போட்டிருந்தார்கள் என்று கேட்டார். பார்க்கவில்லை என்றதும், சீக்கிரம் போய்விட்டால் சமாளிக்கலாம் என்று முடிவெடுத்துக் கிளப்பிவிட்டார்கள். நான்கு ஏஜென்ட்கள் இறந்தார்கள், வளாகத்துக்குள்ளும் பலர் இறந்தார்கள். அங்கிருந்து தொடங்கிய 51 நாள் முற்றுகை ஏப்ரல் 19 அன்று தீயில் முடிந்தது. குழந்தைகள் உட்பட 70க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

அந்த ஆண்டே, அப்போது ஏடிஎஃப் அமைப்பைத் தன்கீழ் வைத்திருந்த நிதித் துறை வெளியிட்ட அறிக்கையில், சோதனையை நடத்தியவர்கள் ரகசியம் உடைந்தது தெரிந்தே போனார்கள் என்றும், பிறகு அதைப் பற்றி உண்மை சொல்லவில்லை என்றும், எழுத்துத் திட்டத்தையும் பின்னால் திருத்தினார்கள் என்றும் பதிவாகியிருக்கிறது.

ஆட்கள் கூடி, வாகனங்கள் வந்து, மேலிடத்துக்கும் சொல்லியாகிவிட்ட நிலையில் ‘வேண்டாம், நிறுத்துங்கள்’ என்று சொல்வது மிகவும் கடினம். அதனாலேயே நிறுத்தும் நிபந்தனையை முதல் நாளே எழுதிவைக்க வேண்டும் என்கிறேன். இது நடந்தால் கலைந்து போகிறோம், அதைச் சொல்லும் அதிகாரம் இவருக்கு உண்டு என்று தெளிவாக, எல்லோரும் படித்துக் கையெழுத்திட்ட ஒரு வரி போதும். அது இருந்திருந்தால் ரோட்ரிகெஸின் போன் அழைப்பே அந்தச் சோதனையை நிறுத்தியிருக்கும்.

2001 ஜூலை 10 அன்று பீனிக்ஸ் அலுவலகத்தின் ஏஜென்ட் ஒருவர், விமானப் பயிற்சிப் பள்ளிகளில் சேரும் சிலரைப் பற்றி எச்சரித்துத் தலைமையகத்துக்கு எழுதினார். செப்டம்பர் 11க்கு முன்பு அதன் மீது உருப்படியான நடவடிக்கை இல்லை. ஆகஸ்ட்டில் மினியாபோலிஸில், விமானப் பயிற்சியில் சேர்ந்திருந்த சக்காரியாஸ் மூசாவி என்பவர் பிடிபட்டபோது அவருடைய லேப்டாப்பைத் திறக்க வாரன்ட் வேண்டும் என்று உள்ளூர் அதிகாரிகள் கெஞ்சினார்கள், தலைமையகம் சட்டக் காரணம் சொல்லித் தள்ளிப்போட்டது. இரட்டைக் கோபுரங்கள் விழுந்த அன்றுதான் வாரன்ட் கிடைத்தது. களத்தில் இருப்பவர் இரண்டாவது முறையும் அதே கவலையைச் சொன்னால், இல்லை என்று சொல்பவர் தன் பெயரில் காரணத்தை எழுத வேண்டும் என்று வைத்துவிடலாம். எழுத வேண்டியிருந்தால் யோசிப்பார்கள்.

எழுதாமல் விடுவது, ஒப்படைத்துவிட்டோம் என்று நினைப்பது

இதைச் சாதாரண குமாஸ்தா வேலை என்று பல அதிகாரிகள் நினைக்கிறார்கள். லாரி நாசர் வழக்கு அப்படி நினைக்க விடாது.

2015 ஜூலை 28 அன்று அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பின் தலைவர் இண்டியானாபோலிஸ் எஃப்பிஐ அலுவலகத்துக்கு வந்து, அணி மருத்துவர் நாசர் வீராங்கனைகளிடம் பாலியல் அத்துமீறல் செய்கிறார் என்று புகார் சொன்னார். மூன்று வீராங்கனைகளின் பெயர் கொடுக்கப்பட்டது. செப்டம்பரில் ஒருவரிடம் மட்டும், அதுவும் போனில் பேசினார்கள். எஃப்பிஐ விதிப்படி அந்தப் பேட்டியை ஐந்து நாளுக்குள் முறையான அறிக்கையாக எழுத வேண்டும். எழுதியது 2017 பிப்ரவரியில், ஏறக்குறைய 17 மாதம் கழித்து, அதுவும் அந்தப் பெண் சொல்லாதவற்றைச் சேர்த்து. நாசர் வேலை செய்த மிச்சிகனின் உள்ளூர் போலீசுக்குச் சொல்லவில்லை. அங்குள்ள எஃப்பிஐ கிளைக்கு அனுப்பியதாகச் சொன்னார்கள், அனுப்பியதற்கான ஆவணம் கிடைக்கவில்லை. மறு ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகத்துக்கும் புகார் போனது. அவர்களும் மிச்சிகன் போலீசுக்குச் சொல்லவில்லை.

இதற்கிடையே இண்டியானாபோலிஸ் அலுவலகத்தின் பொறுப்பாளர், புகார் கொடுத்த அதே ஜிம்னாஸ்டிக்ஸ் தலைவரிடம் ஒலிம்பிக் கமிட்டியில் தனக்கு ஒரு வேலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வழக்கில் சம்பந்தப்பட்ட ஒருவரிடம் வேலை பற்றிப் பேசத் தொடங்கியவுடனே அந்த வழக்கை விட்டு விலகியிருக்க வேண்டும்.

2021 ஜூலையில் வந்த தலைமை ஆய்வாளர் அறிக்கையின்படி, முதல் புகாருக்குப் பிறகான ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் மட்டும் ஏறத்தாழ 70 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் நாசரிடம் சிக்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் சிறுமிகள், இளம்பெண்கள். ஒரு அறிக்கை, ஒரு போன் அழைப்பு, அவ்வளவுதான் தேவைப்பட்டது. 2024இல் அரசு 13.87 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒத்துக்கொண்டது.

எஃப்பிஐயில் மேற்பார்வை அதிகாரி ஒவ்வொரு ஏஜென்டின் வழக்குக் கோப்பையும் ஏறத்தாழ 90 நாளுக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். இதைச் சடங்காகச் செய்யாமல், யாரைப் பேட்டி எடுத்தீர்கள், அறிக்கை எங்கே, யாரை இன்னும் பேட்டி எடுக்கவில்லை, ஏன் என்று கேட்டாலே போதும். வேறு அலுவலகத்துக்கு அனுப்பிய வழக்கில், எதிர்முனையில் கோப்பைப் பெற்றுக்கொண்டவரின் பெயர் தெரியும்வரை அது உங்கள் வழக்குதான். குழந்தைகள் ஆபத்தில் இருப்பதாகப் புகார் வந்தால், அதிகார வரம்பு யாருடையது என்ற பேச்சு பிறகு. உள்ளூர் போலீசுக்கு அன்றே சொல்லுங்கள்.

இன்ஃபார்மரை ஒரே ஆளிடம் விட்டுவிடுவது

பாஸ்டனில் ஜேம்ஸ் பல்ஜர் என்ற கொலைகார ரவுடி 1975 முதல் எஃப்பிஐயின் இன்ஃபார்மராக இருந்தான். அவனைக் கையாண்ட ஏஜென்ட் ஜான் கொனலி. மேற்பார்வை அதிகாரியான ஜான் மோரிஸ், பல்ஜரிடம் பணம் வாங்கியதைப் பின்னாளில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். கண்காணிக்க வேண்டியவரே உறவில் மூழ்கிவிட்டார். 1994 கடைசியில் கைது நெருங்குகிறது என்று கொனலி தகவல் கொடுக்க, பல்ஜர் தப்பி, 2011இல்தான் சாண்டா மோனிகாவில் பிடிபட்டான். 2013இல் 11 கொலைகளில் அவனுக்குப் பங்கு இருப்பதாக நடுவர் குழு முடிவு செய்தது. கையாளுபவர்களை அவ்வப்போது மாற்றுவது, எப்போதும் இரண்டு பேராகச் சந்திப்பது, இன்ஃபார்மர் செய்யும் குற்றங்களை அரசு வழக்கறிஞருக்கு மறைக்காமல் சொல்வது ஆகியவற்றில் எந்த நட்புக்கும் விலக்கு கொடுக்கக்கூடாது.

எதிர்த் தரப்புக்குத் தர வேண்டியதைத் தராமல் விடுவது

1963இல் பிரேடி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது தெளிவானது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கிய ஆதாரம் அரசுத் தரப்பிடம் இருந்தால் அதைக் கொடுத்தாக வேண்டும். 2008இல் அலாஸ்கா செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் மீது குற்றத் தீர்ப்பு வந்தது, சில நாளில் தேர்தலிலும் தோற்றார். முக்கிய சாட்சி முன்னால் வேறு மாதிரி சொன்ன குறிப்புகளை அரசுத் தரப்பு கொடுக்கவில்லை என்று பிறகு தெரிந்து, 2009 ஏப்ரலில் நீதிபதி தீர்ப்பை ரத்து செய்தார். பொறுப்பு வழக்கறிஞர்களுடையதுதான், ஆனால் அந்தக் குறிப்புகளை எழுதுவதும் எழுதாமல் விடுவதும் விசாரணை அறையில் நடக்கிற காரியம்.

ஓக்லஹோமா சிட்டி குண்டுவெடிப்பில் யாரும் எதையும் வேண்டுமென்றே மறைக்கவில்லை. ஆனாலும் குண்டு வைத்த திமோத்தி மெக்வேயின் மரண தண்டனைக்கு ஒரு வாரம்கூட இல்லாதபோது, எதிர்த் தரப்புக்குப் போகாத 3,000 பக்கங்களுக்கு மேல் எஃப்பிஐ கிளைகளில் கிடந்தது வெளியே வந்தது. 2001 மே 16 அன்று நடக்க வேண்டியது ஜூன் 11க்குத் தள்ளிப்போனது. நாடு முழுவதும் இருந்த கிளைகள் எல்லாக் காகிதத்தையும் அனுப்பச் சொன்ன உத்தரவை ஆளுக்கு ஒரு விதமாகப் புரிந்துகொண்டிருந்தன. எது ‘எல்லாம்’ என்று கேட்டவர் குறைவு. பல கிளைகள் சேர்ந்து நடத்தும் வழக்கில் முதல் வாரத்திலேயே இதற்கென்று ஒருவரை நியமித்து, கையெழுத்துக் குறிப்பு, புகைப்படம், உபயோகமில்லை என்று ஒதுக்கிய துப்பு உட்பட எதெல்லாம் வர வேண்டும் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொரு கிளையிடமும் ‘இனி எங்களிடம் எதுவும் இல்லை’ என்று எழுத்தில் வாங்க வேண்டும். விசாரணை நீதிமன்றத்தில் தொடங்குவதற்கு முன்பு அதை இன்னொரு முறை வாங்க வேண்டும்.