எண்ட்லெஸ் ரன்னரில் அவுட் ஆவது ஏன்? நீண்ட ஓட்டத்துக்குச் சில வழிகள்

எண்ட்லெஸ் ரன்னர் என்பது, முடிவில்லாமல் ஓடிக்கொண்டே தடைகளைத் தாண்டும் கேம். இதில் ஜெயிப்பது என்று ஒன்று கிடையாது. எவ்வளவு நேரம் தாக்குப் பிடிக்கிறீர்கள் என்பதுதான் ஆட்டம். ஒற்றை விரல் போதும், கதை தெரிய வேண்டியதில்லை, அவுட் ஆன அடுத்த நொடியே மறுபடி ஓடலாம். இந்த வகைக்கு இத்தனை ரசிகர்கள் சேர்ந்தது இதனால்தான். எரிச்சலும் இதே இடத்திலிருந்துதான் வருகிறது: உடனே மறுபடி ஓட முடிவதால், எதனால் அவுட் ஆனோம் என்று யாரும் யோசிப்பதில்லை. யோசித்துப் பார்த்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணம். போன் சொதப்பியிருக்கும், கண் தாமதமாகப் பார்த்திருக்கும், அல்லது விரல் தவறாக இழுத்திருக்கும்.

போனைச் சரிசெய்வது சுலபம், அதை முதலில் முடித்துவிடுங்கள். நொடிக்கு 60 பிரேம் ஓடும் கேமில் திரை 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். அது 30 பிரேமாகக் குறைந்தால் இடைவெளி 33 மில்லிசெகண்ட். வேகம் கூடிய கட்டத்தில் இந்த வித்தியாசம் விரலுக்கே தெரியும். பேட்டரி சேமிப்பு வசதியை அணைத்துவிடுங்கள். சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடாதீர்கள். போன் சூடானால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், திரை விட்டு விட்டு நகரும். தடித்த கவர் போட்டிருந்தால் கழற்றி வையுங்கள். நோட்டிபிகேஷனை நிறுத்திவையுங்கள். மேலிருந்து இறங்கும் ஒரு செய்திப் பட்டை, பார்க்க வேண்டிய இடத்தைச் சரியாக மறைக்கும். திரையின் கீழ் விளிம்பிலிருந்து மேலே இழுத்தால் பல போன்களில் கேமை விட்டே வெளியே போய்விடும். ஆகவே ஸ்வைப்பைத் திரையின் நடுப்பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். டெம்பிள் ரன் போல, போனைச் சாய்த்து ஆடும் கேமைப் படுத்துக்கொண்டு ஆட வேண்டாம்.

அடுத்தது கண். ஒன்றைப் பார்த்து விரல் அசைவதற்குச் சாதாரணமாக 200 முதல் 250 மில்லிசெகண்ட் ஆகும். பயிற்சியால் இதைப் பெரிதாகக் குறைக்க முடியாது. கேமின் வேகமோ கூடிக்கொண்டே போகிறது. எனவே, தடையைக் கண்டதும் தாவுவது என்ற முறை ஓரளவுக்கு மேல் கைகொடுக்காது. ஓடும் பாத்திரத்தைப் பார்ப்பதை நிறுத்துங்கள். அது எங்கே இருக்கிறது என்பது ஓரப்பார்வையிலேயே தெரியும். பார்வை, தடைகள் முதன்முதலாகத் தோன்றும் தொலைவில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் ஓடும் கேம் என்றால் வலது ஓரத்தில். புதிதாகப் பழகும்போது கண் அடிக்கடி பாத்திரத்துக்கே திரும்பும். முக்கியமாகக் காயினை எடுக்கும்போது. காயின் வரிசை பல நேரம் நல்ல வழிகாட்டிதான், ஆனால் கடைசிக் காயினுக்காகத் தடம் மாறி எதிலாவது மோதுவது எல்லாரும் செய்வது. வேகம் ஏறிய பிறகு காயினை மறந்துவிடலாம்.

மூன்று தடம் உள்ள கேமில் நடுத்தடம்தான் வீடு. அங்கிருந்து எந்தப் பக்கமும் ஒரே இழுப்பில் போகலாம். ஓரத்தில் மாட்டிக்கொண்டால் எதிர் ஓரத்துக்கு இரண்டு இழுப்பு வேண்டும். ரயில் தண்டவாளங்களில் ஓடும் சப்வே சர்பர்ஸ் கேமில் இன்னொரு சலுகை, ரயில் கூரை. மேலே ஓடினால் தரையில் உள்ள தடுப்புகள் தொல்லை தராது, முன்னால் வருவதும் சீக்கிரம் தெரியும்.

விரல் விஷயத்தில் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். பக்கவாட்டில் இழுத்துவிட்டு விரலை எடுக்காமல் வைத்திருங்கள். அப்போதே பாத்திரம் நகர்ந்தால், குறிப்பிட்ட தூரம் விரல் நகர்ந்ததும் கேம் அதை ஏற்றுக்கொள்கிறது என்று பொருள். அங்கே நீண்ட இழுப்பு வெறும் நேர விரயம், சுண்டினாலே போதும். விரலை எடுத்த பிறகுதான் நகர்கிறது என்றால் சட்டென்று எடுத்துப் பழக வேண்டும். ரொம்பவும் குட்டையாகச் சுண்டினாலும் ஆபத்து உண்டு: அது தட்டலாகக் கணக்காகலாம். சப்வே சர்பர்ஸில் இருமுறை தட்டினால், மோதலிலிருந்து காப்பாற்றும் மிதக்கும் பலகையான ஹோவர்போர்டு வந்துவிடும், தேவையில்லாத நேரத்தில் ஒன்று வீணாகும்.

பலர் கற்றுக்கொள்ளாமல் விடுவது, தாவலைப் பாதியில் முறிப்பது. காற்றில் இருக்கும்போதே கீழே இழுத்தால் பாத்திரம் உடனே தரைக்கு வந்துவிடும். தாவிய இடத்துக்கு அடுத்தே குனிய வேண்டிய தடை வந்தால் இதைத் தவிர வேறு வழியில்லை.

இதைப் பழக நல்ல களம், இணையம் இல்லாதபோது குரோமில் வரும் டைனோசர் கேம். 2014-இல் வந்தது, விளம்பரம் கிடையாது. தாவும்போது கீழ் அம்புக்குறியை அழுத்தினால் டைனோசர் வேகமாக இறங்கும். ஸ்பேஸ் பட்டையை லேசாகத் தட்டினால் குட்டைத் தாவல், அழுத்திப் பிடித்தால் உயரத் தாவல். அதன் நிரலில் வேகம் 6-இல் தொடங்கி 13-இல் நின்றுவிடுகிறது; அந்த உச்சத்தைத் தொட ஏறத்தாழ 2 நிமிடம் ஆகும். அதற்கு மேல் கேம் கடினமாவதில்லை, களைப்படைவது நீங்கள்தான். நீங்கள் ஆடும் கேமிலும் வேகம் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த இடத்துக்கு முன்பே அவுட் ஆனால் பயிற்சி போதாது. வெகுநேரம் கழித்து அவுட் ஆனால் கண் சோர்ந்திருக்கிறது, இடைவெளி விடுங்கள்.

2009-இல் ஆடம் சால்ட்ஸ்மன் உருவாக்கிய கானபால்ட் என்ற கேம் இதில் விதிவிலக்கான ஒரு சலுகை தருகிறது. வழியில் கிடக்கும் பெட்டியில் இடித்தால் ஓட்டத்தின் வேகம் குறையும். சமாளிக்க முடியாத வேகம் வந்துவிட்டால் வேண்டுமென்றே இடித்துக்கொள்ளலாம்.

இனி ஸ்கோர். சப்வே சர்பர்ஸில் ஒவ்வொரு மிஷன் தொகுப்பை (கேம் தரும் சின்னச் சின்ன இலக்குகள்) முடிக்கும்போதும், ஸ்கோரைப் பெருக்கும் மல்டிப்ளையர் 1 கூடி, 30 வரை போகும். 5 மடங்கில் ஓடிய அதே தூரத்துக்கு 30 மடங்கில் 6 பங்கு ஸ்கோர். ஆகவே தொடக்கத்தில் தூரத்தைத் துரத்துவதை விட மிஷன்களை முடிப்பதே லாபம். ஹோவர்போர்டு 30 நொடி நிற்கும், அதற்குள் மோதினால் போர்டு உடைந்து நீங்கள் பிழைப்பீர்கள். மெதுவாக ஓடும் முதல் நிமிடத்தில் அதைச் செலவழிக்காதீர்கள்.

அதே கேமில், அவுட் ஆன ஓட்டத்தைத் தொடரச் செலவழிக்கும் சாவிகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் தடவை 1 சாவி, பிறகு 2, 4, 8, 16 என்று இரட்டிப்பாகும். ஒரே ஓட்டத்தில் 5 தடவை எழுந்தால் மொத்தம் 31 சாவி போய்விடும். பழைய ரெக்கார்டுக்குப் பக்கத்தில் இல்லையென்றால் ஒன்றுகூடக் கொடுக்க வேண்டாம். பக்கத்தில் இருந்தாலும் இரண்டு தடவையோடு, அதாவது 3 சாவியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விளம்பரத் தொல்லைக்கு இணையத்தை அணைத்துவிட்டு ஆடுவது பழைய வழி, பல கேம்களில் இன்றும் பலிக்கும். ஆனால் விளம்பரம் பார்த்து எழும் வாய்ப்பும் அதோடு போய்விடும். ஆகவே பயிற்சிக்கு இணையத்தை அணைத்து வையுங்கள், ரெக்கார்டுக்கு முயலும்போது இயக்கிக்கொள்ளுங்கள்.